மலைநாட்டு மழையைத் தாங்கும் சாய்வுக் கதிரை: கேள்வி பதில்

வீட்டு முற்றத்தில் போடுவதற்கு அடிரொண்டாக் என்ற மரப்பலகைச் சாய்வுக் கதிரை செய்வது பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். ஹட்டன் பக்கத்துத் தச்சு பாஸ் ஒருவர் பதில் சொல்கிறார்.

தலவாக்கலையிலிருந்து: பாஸ், காற்றுக்கு விழுந்த சவுக்கு மரம் ஒன்றைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு விலைக்கு எடுத்திருக்கிறேன். அதில் கதிரை செய்யலாமா?

செய்யலாம் தம்பி. தேயிலைக்கு நிழலுக்கு நட்ட கிரெவிலியாதானே? இழைத்துப் பார்த்தால் அதன் புள்ளிக்கோலம் பெரிய பங்களா தளபாடத்துக்கும் குறையாது. எடையும் குறைவு. ஆனால் மண்ணில் பட்டால் சீக்கிரம் உக்கும், கறையானும் ஏறும். அறுக்கும்போது வரும் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அறுத்த சூட்டோடு வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். மரக்காலையில் ஒன்றேகால் அங்குலத்துக்கு அறுக்கச் சொல்லுங்கள். காய்ந்து, இழைத்து முடியும்போது ஓர் அங்குலம் நிற்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அடுக்கி, பலகைக்குப் பலகை ஒரே கனமுள்ள குச்சிகளை நேர்க்கோட்டில் வையுங்கள். குச்சி கோணினால் பலகையும் கோணிப்போகும். மேலே தகரம் வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். இரண்டு நுனிகளுக்கும் அன்றைக்கே பெயின்ட் பூசுங்கள். ஈரம் நுனி வழியாகத்தான் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். ஓர் அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. நம்மூர் பனிமூட்டத்தில் அதை அப்படியே நம்ப முடியாது. ஒரு துண்டை வாராவாரம் தராசில் வைத்துப் பாருங்கள். வெயில் நாட்களிலும் எடை இறங்காமல் நின்றுவிட்டால் மரம் தயார்.

பதுளையிலிருந்து: தேக்கு, பலா வாங்க வசதியில்லை அண்ணே. வேறு என்ன மரம் எடுக்கலாம்?

பலா வீட்டிலேயே நின்றாலும் வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் தங்கச்சி. பிரதேச செயலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள். யூகலிப்டஸ் நல்ல பலமான மரம், ஆனால் அவசரமாகக் காயவைத்தால் பிளந்துபோகும். இரும்பு ஆணி பட்ட இடமும் கறுத்துவிடும். பைனஸ் மிருதுவானது, உக்காமல் காக்கும் மர மருந்தடித்துப் பெயின்ட் பூசினால் உதவும். அல்பீசியா மழைக்கு ஆகாது. கப்பலில் சாமான் வந்த மரத்தட்டுகளைப் பிரித்தும் செய்யலாம். அதில் எச்.டி. (HT) என்று முத்திரை இருந்தால் சூட்டில் பக்குவப்படுத்தியது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைட் என்ற நச்சுவாயு அடித்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து: அளவு சொல்லுங்கள் பாஸ்.

பக்கச் சட்டம் இரண்டு: 33 அங்குல நீளம், ஐந்தரை அங்குல அகலம். இதுவே இருக்கையைத் தாங்கும், பின்காலாகவும் தரையைத் தொடும். முன்கால் இரண்டு: 20 அங்குலம். கைப்பலகை இரண்டு: 28 அங்குலம். இருக்கைக்கு 22 அங்குல நீளத்தில், 3 அங்குல அகலத்தில் ஆறு பட்டை. முதுகுக்கு 36 அங்குலத்தில் ஐந்து பலகை. இருக்கையின் முன்விளிம்பு தரையிலிருந்து 15 அங்குலம், பின்னால் போகப்போக 5 அங்குலம் இறங்கும். முதுகு, இருக்கையிலிருந்து 100 முதல் 105 பாகை வரை சாயட்டும்.

பக்கச் சட்டத்தை முதலில் பழைய அட்டைப்பெட்டியில் முழு அளவில் வரைந்து வெட்டி, சுவரில் சாய்த்துப் பாருங்கள். சாய்வு பிடிக்காவிட்டால் அட்டையோடு போகும், மரம் மிஞ்சும்.

வட்டவளையிலிருந்து: கடையில் வாங்கிய கதிரை இரண்டே மழைக்காலத்தில் காலடியில் உக்கிவிட்டது. நாங்கள் செய்வதும் அப்படித்தான் ஆகுமா?

உங்கள் ஊர் இலங்கையிலேயே மழை அதிகம் விழும் இடங்களில் ஒன்று. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நனைவதால் மட்டும் மரம் உக்குவதில்லை. நனைந்தது காயாமல் கிடந்தால்தான் பூஞ்சை பிடிக்கும். ஆகவே கதிரையில் தண்ணீர் எங்கே தங்கும் என்று தேடிப் பாருங்கள். முதலாவது, கால் நுனி. அறுபட்ட நுனி தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். கதிரையை முடித்ததும் நான்கு காலையும் மருந்தூற்றிய தகர டப்பாக்களில் ஓர் இரவு நிற்க வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு நுனிக்கு இரண்டு மூன்று தடவை பெயின்ட். புல்லின் மேல் வைக்காமல் காலுக்கொரு தட்டையான கருங்கல் போடுங்கள்.

இரண்டாவது, பட்டைகளுக்கு நடுவே. நம்மூர் ஈரத்தில் மரம் அகலவாக்கில் ஊதும், நீளவாக்கில் அசையாது. பெப்ரவரி, மார்ச் வெயிலில் பூட்டுகிறீர்கள் என்றால் முக்கால் விரல் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் பூட்டினால் கால் அங்குலம் போதும். நெருக்கிப் பூட்டிய பட்டைகள் ஆடி மழையில் ஒன்றையொன்று நெருக்கி ஸ்க்ரூவையே பிடுங்கிவிடும்.

மூன்றாவது, முன்காலும் பக்கச் சட்டமும் ஒட்டும் இடம். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. இரண்டு பலகை முகத்தோடு முகம் ஒட்டினால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. பூட்டுவதற்கு முன் அந்த இரண்டு முகத்துக்கும் மருந்தும் பெயின்டும் பூசிக் காயவிடுங்கள். போல்ட்டில் முடுக்கும்போது நடுவே ஒரு வாஷர் வைத்தால் காற்று போகும். சாதாரண வெள்ளைப் பசை வெளியே நிற்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ விலைதான், ஆனாலும் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். துளை போட்டுவிட்டே ஸ்க்ரூவை இறக்குங்கள். பட்டையின் நுனி பிளக்காமல் இருக்கும்.

கைப்பலகையின் மேற்பக்கத்தை வெளிப்பக்கம் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சரித்துவிடுங்கள், தேத்தண்ணிக் கோப்பை நிற்கும், மழைத்தண்ணீர் நிற்காது.

பொகவந்தலாவையிலிருந்து: பழைய என்ஜின் ஒயில் பூசினால் கறையான் வராது என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். சட்டை நாசமாகும். அதிலிருக்கும் நச்சு தோலில் படும், பிள்ளைகளும் உட்காருவார்கள். போரிக் மருந்து நல்லது, ஆனால் மழையில் கரைந்து போகும். அதனால் அதன் மேல் பெயின்ட் கட்டாயம். லின்சீட் ஒயில் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டுப் பிறகு வீசுங்கள். மினுங்கும் வார்னிஷ் மலை வெயிலில் வெடித்து உரியும். ஒவ்வொரு வருஷமும் வறண்ட மாதத்தில் சாண்ட் பேப்பர் தேய்த்து ஒரு பூச்சுப் பூசக்கூடிய வெளிப்புற ஸ்டெயின் என்ற மரச்சாயம்தான் என் தெரிவு.

ஹப்புத்தளையிலிருந்து: அம்மாவுக்கு முழங்கால் வலி. இவ்வளவு பதிவான கதிரையிலிருந்து எழும்ப முடியுமா?

முடியாது மகள். முன்விளிம்பை 18 அங்குலத்துக்கு உயர்த்துங்கள். பின்னால் 2 அங்குலம் இறங்கினால் போதும். முன்காலையும் அதே 3 அங்குலம் கூட்டி, கைப்பலகை இருக்கைக்கு முன்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கச் செய்யுங்கள். ஊன்றி எழும்புவது அதில்தான். முன்பட்டையின் விளிம்பை நன்றாக உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தொடையின் கீழ் அழுத்தி அம்மாவுக்குக் கால் மரத்துப்போகும்.

கண்டியிலிருந்து: துரை பங்களாக்களில் காலை நீட்டிப் போடும் நீண்ட கைக் கதிரை இருக்குமே, அதையே முற்றத்தில் போடலாமா?

அது வராந்தாவுக்கு உரியது. பிரம்புப் பின்னல் மழையில் நனைந்தால் தொய்ந்து அறுந்துவிடும். நான் சொன்னது பலகைக் கதிரை. அமெரிக்காவில் 1903இல் தோமஸ் லீ என்பவர் தன் கோடைகால வீட்டு முற்றத்துக்காக உருவாக்கியது. வீட்டாரை உட்கார வைத்து உட்கார வைத்துச் சாய்வைச் சரிபார்த்தாராம். அடிரொண்டாக் என்று தேடினால் படங்கள் கிடைக்கும்.

ஹட்டனிலிருந்து: செய்து முடித்தேன், ஆடுகிறது.

சமமான சீமெந்துத் தரையில் வையுங்கள். தூக்கலாக நிற்கும் காலுக்குக் கீழே துண்டு வைத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒரு சிறிய மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் அறுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: பிடுங்கிப் போட்ட பழைய தேயிலை மரத்தில் ஏதாவது செய்யலாமா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. பலகை கிடைக்காது, ஆனால் அடிக்கட்டை நல்ல இறுக்கமான மரம். இயற்கையாக வளைந்த கிளையாகப் பார்த்து, பட்டையை உரித்து, நிழலில் மெதுவாகக் காயவைத்து எடுங்கள். கைப்பலகைக்குக் கீழே தாங்கலாக, பக்கத்துக்கு ஒன்று வைக்கலாம். போல்ட் துளையை மட்டும் மெல்லிய அலகில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள்.