கேள்வி நேரம்: டொமினிக்காவில் எங்கே குளிக்கலாம்?

கேள்வி: கரீபியனில் இருக்கும் டொமினிக்காவுக்குக் குடும்பத்தோடு ஒரு வாரம் போகிறோம். எட்டு வயதுப் பையனும் உடன் வருகிறான். அருவிகளை எப்படி வரிசைப்படுத்திக்கொள்வது?

பதில்: முதலில் விமானச் சீட்டைச் சரிபாருங்கள். டொமினிக்கன் குடியரசு வேறு நாடு. டக்ளஸ்-சார்ல்ஸ் விமான நிலையத்தின் குறியீடு டி.ஓ.எம். அது சீட்டில் இருந்தால் சரியான தீவுக்குத்தான் போகிறீர்கள்.

முதல் நாள் எமரால்டு பூல். நல்ல பாதையில் கால்மணி நேர நடை, சிறிய அருவி, அதன் கீழே பச்சை நிற மடு. பையனுக்கு இதுவே போதும். ஆனால் தலைநகர் ரோசோவின் துறைமுகத்தில் பயணக் கப்பல் நிற்கும் நாளில் காலை பத்து மணிக்கு மேல் அங்கே கூட்டம் அள்ளும். கப்பல் வரும் தேதிகளைப் பார்த்துக்கொண்டு ஒன்பதுக்கு முன்போ, கப்பல்காரர்கள் திரும்பிய பிறகு மாலை மூன்றுக்கு மேலோ போங்கள்.

அடுத்தது டிரஃபால்கர் இரட்டை அருவி. பார்வை மேடையில் நின்றால் இடப்பக்கம் உயரமான ‘தந்தை’, வலப்பக்கம் அகலமான ‘தாய்’, இரண்டும் ஒருசேரத் தெரியும். மேடை வரைக்கும் சிரமமே இல்லை. அதைத் தாண்டினால் ஈரப் பாறைகள்மேல் தொற்றித் தொற்றித்தான் போக வேண்டும். கணுக்கால் மடங்குவது அங்கேதான். பையனை மேடையோடு நிறுத்திவிடுங்கள்.

மிடில்ஹாம் அருவி சுமார் 60 மீட்டர் உயரம். லோடா கிராமத்துப் பக்கமிருந்து ஏறினால் போக மட்டும் ஒரு மணி நேரம் பிடிக்கும். வழியில் ஓடைகளைக் கடக்க வேண்டும், மரக்கட்டைப் படிகளும் வழுக்கும். செருப்போடு போகாதீர்கள்.

இந்த இடங்களில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. மூன்று நான்கு இடம் போவதாக இருந்தால் வாரச் சீட்டாக வாங்குவதே லாபம். அமெரிக்க டாலரும் வாங்கிக்கொள்வார்கள். மீதியை உள்ளூர்ப் பணமான கிழக்குக் கரீபியன் டாலரில் தருவார்கள். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்பது நிலையான கணக்கு.

கேள்வி: டிட்டூ கோர்ஜ் என்ற பாறை இடுக்குக்குள் நீந்திப் போகலாம் என்கிறார்கள். ஆபத்து இல்லையா?

பதில்: மழை இல்லாத நாளில் போகலாம். இரு பக்கமும் செங்குத்துப் பாறை, தலைக்கு மேலே வானம் ஒரு கீற்று, கடைசியில் சின்ன அருவி. பெரும்பகுதி கால் எட்டாத ஆழம், தண்ணீரும் சில்லென்றிருக்கும். நன்றாக நீந்துபவரும் மிதவைச் சட்டை போட்டுக்கொள்வதே நல்லது. குளிரில் கைகால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பதை நம்ப வேண்டாம். மலை உச்சியில் பெய்த மழை சிறிது நேரத்திலேயே இடுக்குக்குள் பாய்ந்து வரும். உள்ளே மாட்டிக்கொண்டால் ஏறித் தப்பக் கரையே கிடையாது. இறங்குமுன் நீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். கல் நனைந்து முழுகினாலோ, தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ இறங்கவே கூடாது. உள்ளே இருக்கும்போது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்ததற்குக் காத்திராமல் வெளியேறுங்கள்.

இதே கணக்கு எல்லா மடுவுக்கும் பொருந்தும். தெற்கே விக்டோரியா அருவிக்குப் போகும் வழியில் வெள்ளை ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். அந்த ஆறு இயல்பிலேயே பால் கலந்தது போல இருப்பதால் நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. வழிகாட்டி இல்லாமல் அங்கே போகாதீர்கள். எந்த மடுவிலும் மேலிருந்து குதிக்காதீர்கள். போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் வெள்ளம் இந்த வருடம் பாறையை உருட்டிப் போட்டிருக்கும்.

கேள்வி: வெள்ளை மணல் கடற்கரை எந்தப் பக்கம்?

பதில்: அதற்காகத்தான் போகிறீர்கள் என்றால் தீவையே மாற்றுங்கள். இது எரிமலைத் தீவு. மேற்கே மேரோ, போர்ட்ஸ்மத் பக்கம் பர்ப்பிள் டர்டில், இரண்டிலும் கருஞ்சாம்பல் மணல்தான். ஆனால் கரீபியன் கடல் அங்கே பெரும்பாலும் அமைதியாக இருக்கும், குழந்தைகளுக்கு ஏற்றது. ரோசோவுக்குத் தெற்கே ஷாம்பேன் ரீஃபில் கடலடியிலிருந்து எரிமலை வாயு குமிழி குமிழியாக வரும். முகமூடி போட்டு மிதந்தபடி பார்க்கலாம். கரை முழுக்கக் கூழாங்கல், கடல் முள்ளெலியும் உண்டு. நீர்க் காலணி வேண்டும்.

பொன்னிற மணல் வடகிழக்கில், கலிபிஷி வட்டாரத்தில் இருக்கிறது. பாட்டிபூ அழகானது. கடைசித் தடம் கரடுமுரடு, வண்டியை மேலேயே விட்டு நடந்து இறங்கலாம். அது அட்லாண்டிக் பக்கம் என்பதை மறக்க வேண்டாம். அலை பெரிதாக இருந்தால் கால் நனைப்பதோடு சரி. நீரோட்டம் இழுத்துவிட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பிறகு திரும்புங்கள். சில மாதங்களில் சர்காசம் பாசி குவிந்து அழுகி நாறும். அப்போது மேற்கே போய்விடுங்கள்.

கரையோரம் சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்த்திருக்கும் மஞ்சினீல் மரத்தைத் தொடாதீர்கள். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், காய் நஞ்சு. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும்.

கேள்வி: கொதிக்கும் ஏரியில் குளிக்க முடியுமா?

பதில்: பெயரிலேயே பதில் இருக்கிறது! பார்க்க மட்டும். போய்வர ஆறு மணி நேரம், வழிகாட்டி அவசியம்.

கேள்வி: வாடகைக் கார் போதுமா?

பதில்: போதும். ஓட்டுவது இடப்பக்கம். வெளிநாட்டு உரிமத்தோடு உள்ளூர்த் தற்காலிக அனுமதியும் வாங்க வேண்டும். பொதுவாக வாடகை நிறுவனமே ஏற்பாடு செய்யும். சாலையோரம் மூடியில்லாத ஆழமான கால்வாய் உண்டு, எதிர்வண்டிக்கு ஒதுங்கும்போது சக்கரம் அதில் இறங்கிவிடும். மலை வளைவுகளில் செயலி காட்டும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

செயலியில் புள்ளி இருப்பதாலேயே பாதை இருக்கும் என்று எண்ண வேண்டாம். வாவின் சிரிக் சும்மா ஒரு கடற்கரை போலத்தான் தெரியும். உண்மையில் அது செங்குத்தான பாறையில் கயிற்றையும் வேரையும் பிடித்து இறங்கும் இடம். பையனோடு அங்கே போக வேண்டாம்.