எதிர் நாற்காலி

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையில் மாற்றலாகி மதுரைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள அங்கே சாப்பிட வேண்டும் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு வாரம் ஒரு கடை என்று பட்டியல் போட்டேன். இதுவரை 27 கடை முடித்துவிட்டேன். சிம்மக்கல் கறிதோசை, பருத்திப்பால், கரண்டி ஆம்லெட் எல்லாம் ஆயிற்று. ருசியில் குறை இல்லை. நிம்மதியாகச் சாப்பிடத்தான் முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார். "உட்காரலாமா" என்றுகூடக் கேட்பதில்லை. எதிர் நாற்காலியில் லேப்டாப் பையை வைத்துப் பார்த்தேன். ஒரு பெரியவர் அதை எடுத்து, "இந்தாங்க தம்பி" என்று என் மடியில் வைத்துவிட்டு, உட்கார்ந்து பரோட்டா சொன்னார். இந்த ஊர் இன்னும் எனக்கு ஒட்டவில்லை.

தனியாக உட்கார்ந்து அமைதியாகச் சாப்பிட நல்ல கடைகள் நாலைந்து சொல்வீர்களா? விளக்குத்தூண் பக்கம் ஒரிஜினல் ஜிகர்தண்டா எது என்பதையும் சொல்லுங்கள். பெயரை வெளியிட வேண்டாம்.

வி.

*

அன்புள்ள வி.,

உங்கள் பையை மடியில் வைத்த பெரியவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர் யாரென்று தெரிந்தால் ஒரு செட் பரோட்டா வாங்கிக் கொடுப்பேன்.

உங்கள் கடிதம் வந்த வாரம் நானும் நாற்காலிகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருமுனையில் வெகுகாலமாக இருந்த டிபன் கடையைப் புதுப்பித்திருக்கிறார்கள். பழைய கடையில் நாலு பேர் உட்காரும் கடப்பைக்கல் மேசைகள் ஐந்து இருந்தன. இப்போது சுவரை ஒட்டி நீளமாக ஒரு பலகை, அதன் முன்னால் ஒற்றை ஒற்றையாக ஸ்டூல்கள், ஸ்டூலுக்கு ஒரு சார்ஜர் பாயின்ட். போய் உட்கார்ந்தேன். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெள்ளை டைல்ஸ். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவனைச் சுவரைப் பார்த்து நிற்க வைப்பார்கள். அறுபது வயதுக்கு மேல் காசு கொடுத்து அந்தத் தண்டனையை வாங்கிக்கொண்டு, இரண்டு இட்லியோடு எழுந்து வந்தேன். இட்லி நன்றாகத்தான் இருந்தது. மறுபடி போகவில்லை.

முதலில் ஒரு சின்னத் திட்டு. "27 கடை முடித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். முடிப்பதற்கு அது என்ன, வங்கித் தேர்வா? என் அப்பா முப்பது வருஷம் ஒரே கடைக்குப் போனார். முடிக்கவில்லை. சரி, அதை விடுங்கள். இந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், கோயிலுக்குப் போய்விட்டு வந்துகூட "அதையும் முடிச்சாச்சு" என்கிறார்கள்.

பைக்கு வருகிறேன். அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

அப்பா ஹார்வி மில்லில் வேலை பார்த்தார். சம்பள நாளில் வேலை முடிந்து வந்து, தூங்கிக்கொண்டிருக்கும் என்னை எழுப்பி, மேலவாசல் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப்போவார். எனக்கு ஒன்பது வயது இருக்கும். இரவு பதினொரு மணிக்கும் ஊர் விழித்திருக்கும். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், மூட்டை இறக்கிவிட்டு வந்தவர்கள், ஷிப்ட் முடிந்தவர்கள் எல்லாரும் அந்த நேரத்துக்குத்தான் பசிக்கு வருவார்கள். தூங்காநகரம் என்று இப்போது பெருமையாகப் போர்டு வைக்கிறோம். அவர்கள் தூங்க முடியாமல் இருந்ததால்தான் கடைகளும் தூங்கவில்லை.

அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு, அதில் எனக்குத் தாங்க முடியாத கூச்சம். கடையில் நாலு மேசை காலியாக இருந்தாலும் அங்கே போக மாட்டார். யாராவது ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசையாகப் பார்த்து, அவருக்கு நேர் எதிரே போய் உட்காருவார். பக்கத்தில் என்னை இருத்திக்கொள்வார். எதிரே இருப்பவர் தலையைத் தூக்கி, காலி மேசைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, எங்களைப் பார்ப்பார். நான் இலையைப் பார்த்துக்கொள்வேன். அப்பா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி, "சட்னி வாளியத் தள்ளட்டுங்களா?" என்பார். பெரும்பாலும் அங்கேயிருந்து பேச்சு ஆரம்பிக்கும். மழை, மில்லில் போனஸ், சித்திரைத் திருவிழாவுக்கு ஆற்றில் தண்ணீர் விடுவார்களா என்பது. சில பேர் பேச மாட்டார்கள். அப்பாவுக்கு அதைப் பற்றி வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவருக்குப் போதும்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. 90களில், அவர் ஓய்வுபெற்ற பிறகு, பேச்சுவாக்கில் அவரே சொன்னார். மேலூர்ப் பக்கம் அவருடைய ஊர். அவர் பையனாக இருந்தபோது ஊர் டீக்கடைக் கூரையின் வெளிவாரையில் ஒரு சிரட்டை செருகியிருக்குமாம். எங்கள் ஆட்கள் போனால் அதை எடுத்துக் கையில் ஏந்திக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். கடைக்காரர் மேலேயிருந்து ஊற்றுவார். குந்தியிருந்து குடித்துவிட்டு, கழுவி, திரும்பச் செருகிவிட்டு, காசைத் திண்ணையில் வைத்துவிட்டு வர வேண்டும். பெஞ்சு உள்ளே இருக்கும், வேறு ஆட்களுக்கு.

1954இல் மில்லில் வேலை கிடைத்து ஊருக்குள் வந்தார். கூட வேலை பார்த்தவர் ஒருவர் மேலவாசல் கடைக்கு அழைத்துப்போய், "நீ உள்ள போ, பீடி வாங்கிட்டு வாரேன்" என்று அனுப்பிவிட்டார். உள்ளே எல்லா மேசையும் ஆட்கள். ஒரே ஒரு நாற்காலி காலி, அதன் எதிரே வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர். அப்பா அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சப்ளையர் கையில் நாலு இலையோடு வந்தவர், "உக்காருப்பா. நீ நின்னா எலைய எங்கிட்டுப் போடுறது?" என்று அதட்டியிருக்கிறார். அப்பா உட்கார்ந்தார். வெள்ளை வேட்டிக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார். "அவரு பாக்கவே இல்லடா" என்று அப்பா என்னிடம் இரண்டு தரம் சொன்னார், அது என்னவோ பெரிய மரியாதை மாதிரி.

தம்பி, நீங்கள் பை வைத்தது அந்த நாற்காலியில்.

கோபப்படாதீர்கள். உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் கேட்காமல் வந்து எதிரே உட்காருவதை "நாகரிகம் இல்லை" என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இந்த நாட்டில் அது தானாக வந்த பழக்கம் இல்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள், அதுவரை தீண்டத்தகாதவர்கள் என்று தடுத்துவைத்திருந்தவர்களை அழைத்துக்கொண்டு வைத்தியநாத ஐயர் நுழைந்தது 1939 ஜூலை 8, கக்கனும் அவர்களில் ஒருவர். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று இருந்தது, பெரியார் விடாமல் எதிர்த்த பிறகு 1941இல்தான் போயிற்று. ஓட்டல் போர்டில் இருந்த சாதிப் பெயரை அழிக்கச் சொல்லி 1957இலும் சென்னையில் மறியல் நடந்திருக்கிறது. அரசியல் சாசனத்தை எடுத்துப் பாருங்கள், 15ஆவது பிரிவு. பெரிய பெரிய உரிமைகளுக்கு நடுவே கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒருபடி கீழே இறங்கி, உணவு விடுதியில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குச் சிரட்டை தெரிந்திருக்கிறது. சட்டம் வந்த பிறகும் கிராமங்களில் இரட்டைக் குவளை போகவில்லை என்பது வேறு கதை. பேப்பர் கப் வந்தது சில டீக்கடைக்காரர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும்.

எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. இட்லியை விண்டு வாயில் போடுவதற்குள், "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்கள் சிலர். ஊர் சொன்னால், "அதுல எந்தத் தெரு?" தெரு எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவிடம் அதற்கு ஒரு பதில் உண்டு. "சொந்த ஊரு?" என்று கேட்டால், "மில்லுங்க" என்பார். "அதில்லண்ணே, பொறந்த ஊரு?" "மில்லுதாங்க." மூன்றாம் தரம் கேட்டால் சப்ளையரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பார். எழுந்து வேறு மேசைக்கு மட்டும் போக மாட்டார்.

இதே கடிதத்தை ஒரு பெண் எழுதியிருந்தால் நான் இப்படிப் பதில் சொல்லியிருக்க மாட்டேன். எதிரே வந்து உட்காருபவன் சட்னி வாளியை மட்டும்தான் பார்க்கிறான் என்று அவரிடம் உறுதி சொல்ல எனக்கு வாய் வராது. முன்பு "பேமிலி ரூம்" என்று ஒரு திரையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் அவர்களைத் தள்ளிவைத்தோம். என் அம்மா மேலவாசல் கடைக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அப்பா பார்சல் கட்டிக்கொண்டு வருவார். சால்னா ஊறி இலையோடு ஒட்டிப்போன பரோட்டாதான் அம்மாவுக்குத் தெரிந்த பரோட்டா. அவளை ஒருமுறையாவது கூட்டிப்போயிருக்கலாமே என்று அப்பாவிடம் நான் கேட்கவில்லை. நானும் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு கூட்டிப்போகவில்லை. பெஞ்சு இன்னும் முழுதாக நிரம்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கீழமாசி வீதியில் ஒரு கடையில் இரவு பத்தரைக்கு உட்கார்ந்திருந்தேன். வாசலில் மாஸ்டர் மாவை வீசிக்கொண்டிருந்தார். கல்லில் இருந்து எடுத்த ஆறு பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் ஓங்கித் தட்டினால்தான் அடுக்கடுக்காகப் பிரியும். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு சுமைதூக்கும் தொழிலாளி வந்து என் எதிரே உட்கார்ந்தார். தோளில் மிளகாய் நெடி. அவர் உட்கார்ந்ததும் எனக்கு இரண்டு தும்மல் வந்தது. "மண்டி மொளகா, அண்ணே. குளிச்சாலும் போகாது" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. "முன்னாடி வாங்க, பரவால்ல" என்றேன். வந்தார். மூன்று பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, இலையைக் கையால் மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். பக்குவத்துக்கு ஊற வேண்டுமாம். நான் அறுபது வருஷமாக அவசரப்பட்டுத் தின்றிருக்கிறேன். அன்றைக்கு நானும் இலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பேர் ஆளுக்கொரு இலையைப் பொத்திக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததைக் கல்லாவில் இருந்தவர் என்ன நினைத்தாரோ.

ஊறிய பரோட்டா பற்றி உங்கள் 27 கடைப் பட்டியலில் எங்காவது குறிப்பு இருக்கிறதா?

நீங்கள் கேட்டதை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தனியாக உட்கார்ந்து அமைதியாகச் சாப்பிடக் கடை கேட்டீர்கள். மாலை மூன்றரை மணிக்கு எந்தக் கடைக்குப் போனாலும் உங்களுக்கு ஒரு மேசை முழுதாகக் கிடைக்கும், ஆறிப்போன சாம்பாரும் கிடைக்கும். ஊர் ஒட்டவில்லை என்பதற்கு என்னிடம் மருந்து கிடையாது. எட்டு மாதம் ஒன்றும் பெரிய காலம் இல்லை. அப்பா மில்லில் சேர்ந்து மூன்று வருஷம்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், அந்த ஊருக்கு!

ஜிகர்தண்டா: எல்லாக் கடையும் ஒரிஜினல் என்றுதான் எழுதிவைத்திருக்கிறது. பாதாம் பிசின் நன்றாக ஊறியிருந்தால், நன்னாரி சர்பத் கை தவறிக் கூடிவிடாமல் இருந்தால், பால் சுண்டக் காய்ந்திருந்தால் போதும், போர்டைப் பார்க்காதீர்கள். வெயில் நாளாகப் பார்த்து விளக்குத்தூண் போங்கள். எந்தக் கடை என்றாலும் நின்றுகொண்டேதான் குடிக்க வேண்டியிருக்கும், பக்கத்தில் நிற்பவர் முழங்கை உங்கள் மேல் இடிக்கும். பை வைக்க அங்கே நாற்காலி கிடையாது.