ஏஜென்ட்டுக்குக் கொடுக்கிற காசில் 6ஜி பழகுங்கள்

வெல்டர் வேலை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். தலைப்பில் உள்ள 6ஜி, சாய்த்து நிறுத்திய பைப்பை ஓட்டிக் காட்டுகிற வெல்டிங் டெஸ்ட். ஒரே மாதிரி வந்த கடிதங்களைச் சேர்த்து ஒன்றாகப் போட்டிருக்கிறோம்.

பத்தாவது முடித்துவிட்டு மாமாவின் பட்டறையில் நாலு வருடமாக கேட், கிரில், ஷெட் வேலை செய்கிறேன். ராட் (வெல்டிங் குச்சி) நன்றாக ஓட்டுவேன். கம்பெனிக்குப் போனால் ஐடிஐ இருக்கா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். இந்த வயதில் போய்ப் படிக்கணுமா?
– வாசகர், துறையூர்

தம்பி, ஐடிஐயில் வெல்டர் ஒரு வருடப் படிப்புதான், எட்டாவது தேறியிருந்தாலே சேரலாம், உங்களிடம் பத்தாவதே இருக்கிறது. ஆனால் வீட்டில் வருமானம் நின்றுபோகும் என்றால் இன்னொரு வழி உண்டு. சில வருடம் வேலை பார்த்தவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், அதற்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பக்கத்து அரசு ஐடிஐயிலோ மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலோ போய்க் கேளுங்கள். மாமாவிடம் அனுபவச் சான்று வாங்கவேண்டி வரும், பட்டறைக்கு ஏதாவது பதிவு இருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பு கூடும்.

அந்தச் சான்றிதழ் கேட்டைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே போனதும் ஒரு டெஸ்ட் பீஸைக் கொடுத்து ஓட்டச் சொல்வார்கள், பட்டறையில் வளர்ந்த பையன்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கிரில் வேலையில் நாம் ஓட்டுவது 6013 எண் ராட், மெல்லிய கம்பி, பெரும்பாலும் கீழே வைத்துச் செய்கிற வேலை, மேலே கிரைண்டிங் போட்டு பெயின்ட் அடித்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். கம்பெனியில் 10 மில்லிமீட்டர் தகட்டைச் சாய்வாக வெட்டி, இடைவெளி விட்டு, செங்குத்தாக நிறுத்தி, 7018 ராடில் கீழிருந்து மேலே ஓட்டு என்பார்கள். அதுதான் 3ஜி. ஓட்டி முடித்ததும் வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். வளைக்கும்போது வாய் பிளந்தால் நாலு வருட அனுபவத்தை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

அதனால் மாமா பட்டறையிலேயே சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வேஸ்ட் தகட்டில் 3ஜி பழகுங்கள். இன்வெர்ட்டர் மெஷின் இருந்தால் 7018 தாராளமாக ஓடும், பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் செட் என்றால் ஆர்க் அடிக்கடி அணைந்து வெறுப்பேற்றும். அது மெஷினால் வருகிற பிரச்சினை, கை சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம் திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பெல் (பிஹெச்இஎல்) தொழிற்சாலையை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகள் எத்தனையோ. அங்கே கிரைண்டராகவோ ஃபிட்டருக்கு ஹெல்பராகவோ நுழைந்தாலும் கேவலம் இல்லை. ட்ராயிங் படிக்கிற ஃபிட்டரோடு ஆறு மாதம் நின்றால் பட்டறையில் கிடைக்காத படிப்பு அங்கே கிடைக்கும். சேரும்போது பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "கைக்கு ஐந்நூறு கூடத் தருகிறேன், பிஎஃப் வேண்டாம்" என்கிற கான்ட்ராக்டரை நான் நம்பமாட்டேன்.

குவைத்துக்கு 6ஜி வெல்டர் தேவை என்று ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். எனக்கு ஆர்க் வெல்டிங் மட்டும்தான் தெரியும், அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம் என்கிறார். நகையை அடகு வைத்துப் பணம் கட்டலாமா?
– வாசகர், அறந்தாங்கி

வேண்டாம். மூன்று இடத்தில் உதைக்கிறது.

முதலாவது விசா. விசிட் விசாவில் போய் வேலை செய்வது சட்டவிரோதம். பிடிபட்டால் ஏஜென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள்தான் உள்ளே இருப்பீர்கள். கம்பெனி பெயர், சம்பளம், வேலை நேரம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் எழுதிய ஒப்பந்தமும் வேலை விசாவும் ஊரிலேயே கைக்கு வரவேண்டும்.

இரண்டாவது பணம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், 1983ஆம் வருடத்துச் சட்டம் அது. பதிவு பெற்றவர்களும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதோடு. அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஆள் நிஜமா டூப்பா என்று தெரிந்துவிடும். "நான் பெரிய கம்பெனிக்கு சப்-ஏஜென்ட்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், சப்-ஏஜென்ட் என்று ஒன்றைச் சட்டம் ஒத்துக்கொள்வதில்லை.

பாஸ்போர்ட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பத்தாவது தேறாதவர்களுக்கு ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று குறித்திருக்கும், அவர்கள் வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும், கூடவே 10 லட்சம் ரூபாய்க்கான காப்பீடும் எடுத்தாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான் பிரீமியம். பத்தாவது தேறியவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை, நேராக விமானம் ஏறலாம். படித்தவனுக்குச் சலுகை மாதிரித் தெரியும், ஆனால் உங்கள் ஒப்பந்தத்தை ஒரு அதிகாரி புரட்டிப் பார்க்கிற வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. ஏமாற்றுகிறவனுக்கு இது வசதி.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கோபம் வருகிற விஷயம். 6ஜி என்றால் என்னவென்று அந்த ஏஜென்ட்டுக்கே தெரியாது போலிருக்கிறது. பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திவிடுவார்கள், வெல்டர்தான் சுற்றிச் சுற்றி ஓட்டவேண்டும். ஒரே ஜாயின்ட்டில் தலைக்கு மேலேயும் வரும், பக்கவாட்டிலும் வரும், கீழேயும் வரும். அதனால்தான் 6ஜி தேறினால் மற்ற எல்லா பொசிஷனுக்கும் தேறியதாக ஏஎஸ்எம்இ என்கிற அமெரிக்க இன்ஜினியர் சங்கத்தின் விதிகளில் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ரூட்டை, அதாவது ஜாயின்ட்டின் அடியில் வருகிற முதல் ஓட்டத்தை, டங்ஸ்டன் முனை டார்ச்சில் ஓட்டுகிற டிக் வெல்டிங்கில் ஆர்கான் கேஸோடு ஓட்டி, மேலே ஆர்க்கில், அதாவது ராடில், நிரப்பச் சொல்வார்கள். டெஸ்ட்டுக்கு 2 இன்ச் பைப் கொடுப்பதிலும் கணக்கு இருக்கிறது, அந்தச் சின்ன விட்டத்தில் தேறியவர் 25 மில்லிமீட்டரிலிருந்து எவ்வளவு பெரிய பைப்பையும் ஓட்டலாம், பெரிய பைப்பில் மட்டும் தேறியவருக்குச் சின்னதைத் தரமாட்டார்கள். டிக் டார்ச்சையே பிடிக்காத ஒருவர் அங்கே போய்ப் பழகிக்கொள்ள யாரும் பைப்பும் ஆர்கானும் கொடுத்துக் காத்திருக்கப்போவதில்லை. டெஸ்ட்டில் தோற்றால் ஹெல்பர் சம்பளத்துக்கு இறக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அடகு வைத்த நகை வட்டியில் போய்விடும்.

அந்த ஒன்றரை லட்சத்தில் ஒரு பகுதியை எடுத்து டிக், ஆர்க் இரண்டும் சேர்ந்த பைப் வெல்டிங் பயிற்சிக்குப் போங்கள். திருச்சியில் பெல் நிறுவனம் 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே வெல்டர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். தனியார் பயிற்சி மையங்களும் ஊருக்கு ஊர் உண்டு. சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு நாளைக்கு எனக்கு எத்தனை பைப் ஜாயின்ட் தருவீர்கள்? பைப்பும் ஃபில்லர் கம்பியும் ஆர்கானும் செலவு பிடிக்கிற சமாச்சாரம், அதில் கை வைக்கிற மையத்தில் ஏசி வகுப்பும் கலர் சர்டிபிகேட்டும்தான் கிடைக்கும். அந்த சர்டிபிகேட்டைக் காட்டினாலும் எந்த நல்ல கம்பெனியும் தன் டெஸ்ட்டைத் தானே வைக்கும், விதியே அப்படித்தான். தேறின பிறகும் ஒரு முறையில் ஆறு மாதம் ஓட்டாமல் இருந்தால் தகுதி காலாவதி, மறுபடி டெஸ்ட்.

தேறியதும் நேராக வெளிநாடு என்று இல்லாமல் இங்கே ஷட் டவுன் வேலைகளுக்குப் போய்வாருங்கள். ரிஃபைனரியையும் பவர் பிளான்ட்டையும் பராமரிப்புக்கு நிறுத்துகிற சில வாரங்களுக்கு பைப் வெல்டர்களைக் கும்பலாக எடுப்பார்கள், 12 மணி நேர ஷிஃப்ட், உடம்பு பிழிந்துவிடும், ஆனால் கை அங்கேதான் திருந்தும். பாய்லர் வேலைக்குப் போகிறவர்கள் மாநில பாய்லர் இயக்ககத்தில் டெஸ்ட் கொடுத்து ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிகள்) வெல்டர் சான்றும் வாங்கிவிடுவது நல்லது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அப்புறம் வெளிநாடு போகணும் என்று தோன்றினால் தமிழக அரசே 1978இலிருந்து நடத்துகிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே பெயரைப் பதிந்து வையுங்கள்.

டெஸ்ட்டில் தேறி வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். ஆனால் என் ஜாயின்ட் எக்ஸ்ரேயில் அடிக்கடி ரிப்பேர் வருகிறது, உள்ளே பொத்தல் பொத்தலாக இருக்கிறதாம். மேலே பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.
– வாசகர், ராணிப்பேட்டை

7018 ஓட்டுகிறீர்கள் என்றால் முதல் சந்தேகம் ராட் மேல்தான். அந்த ராடின் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஆர்க்கில் ஹைட்ரஜனாகப் பிரிந்து உள்ளே பொத்தலும் விரிசலும் உண்டாக்கும். பெட்டியில் போட்டிருக்கிற வெப்பத்தில், பொதுவாக 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓவனில் வைத்து எடுத்து, சைட்டில் கையோவனில் சூடாகவே வைத்திருக்கணும். காலையில் ஒரு கட்டு எடுத்துச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு மத்தியானம் வரை ஓட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், ரிப்பேர் வந்தால் மெஷினைத் திட்டுவார்கள். ராட் சரி என்றால் ஆர்க் நீளத்தைக் குறையுங்கள், 7018ஐ ஒட்டித்தான் ஓட்டணும். பொத்தல் எல்லாம் ராட் மாற்றுகிற இடத்திலேயே விழுகிறதா என்று ஃபிலிமைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்படியென்றால் புது ராடைக் குழிக்குச் சற்று முன்னால் பற்றவைத்து, பின்னால் வந்து குழியை நிரப்பிவிட்டு மேலே போங்கள். ரூட் டிக்கில் வருகிற பொத்தல் என்றால் காற்றுதான் காரணமாக இருக்கும், சுற்றித் தார்ப்பாய் கட்டச் சொல்லுங்கள்.

என் கணவர் கிரில் பட்டறையில் வேலை செய்கிறார். வாரத்தில் ஒரு ராத்திரியாவது கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரிகிறது என்று துடிக்கிறார். தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்கிறார்கள், மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுகிறார், உடனே அடங்குகிறது. இது ஆபத்தா?
– வாசகி, ஆம்பூர்

ஆபத்துதான் அம்மா, அதிலும் அந்தச் சொட்டு மருந்து. ஆர்க்கிலிருந்து வருகிற புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது, சுட்டது உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து ராத்திரியில்தான் வலி கிளம்பும். ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறும். உடனே வலியை அடக்குவது பெரும்பாலும் கண்ணை மரத்துப்போகச் செய்கிற மருந்து. டாக்டர் சோதிக்கும்போது ஒரு சொட்டு விடுவதற்கானது அது. அதை வீட்டில் வைத்து அடிக்கடி விட்டால் புண் ஆறாமல் கருவிழியே கெட்டுப் பார்வை போகும். தாய்ப்பாலும் உருளைக்கிழங்கும் வைத்தால் கிருமி சேரும். ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், வலி இரண்டு நாளைத் தாண்டினால் தள்ளிப்போடவே கூடாது.

அவர் கறுப்புக் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார் என்று நினைக்கிறேன், கிரில் பட்டறைகளில் அதுதான் நடக்கிறது. 10 அல்லது 11 எண் கண்ணாடி போட்ட ஷீல்டு பெரிய செலவில்லை. டேக் அடிக்கும்போது, அதாவது பிடிப்புக்காகச் சின்னதாகப் பற்றவைக்கும்போது, "ஒரு செகண்ட்தானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிப்பதையும் விடச் சொல்லுங்கள். பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஹெல்பர் பையனுக்கும் ஒரு ஷீல்டு வேண்டும். ஜிஐ பைப் ஓட்டுகிற நாளில் சாயங்காலம் குளிர்காய்ச்சல் வந்தால் அது துத்தநாகப் புகையால் வருவது, பால் குடித்தால் போகாது. முலாமைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஓட்டணும். வெல்டிங் புகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017இல் புற்றுநோய் உண்டாக்குவது என்றே உறுதியாக வகைப்படுத்திவிட்டது, பட்டறையின் ஷட்டரைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இதை யோசிக்கணும்.

மகள் ஐடிஐயில் வெல்டர் எடுக்கிறேன் என்கிறாள். பெண்பிள்ளைக்கு வேலை கிடைக்குமா? ரோபோ வந்துவிட்டது என்றும் சொல்கிறார்களே?
– வாசகர், திண்டுக்கல்

சேர்த்துவிடுங்கள். கை நிதானம் இருக்கிறவர்களுக்கு டிக் நன்றாக வரும், அதில் ஆண் பெண் கணக்கு இல்லை. சின்ன ஷெட்டுகளில் பெண்களுக்குக் கழிப்பறைகூட இருக்காது, அதை மறைக்க விரும்பவில்லை, அதனால் அப்ரென்டிஸ் போகும்போது பெரிய தொழிற்சாலையாகப் பார்க்கச் சொல்லுங்கள். கார் பாடி மாதிரி ஒரே வேலை ஆயிரம் தடவை வருகிற இடத்தில் ரோபோ ஏற்கனவே ஓட்டிக்கொண்டிருக்கிறது. பழைய பாய்லரில் பொத்தல் விழுந்த குழாயை மாற்ற ஆள்தான் உள்ளே புகுந்து போகணும்.

டிராக்டர் டீசல் டேங்க் ஒழுகுகிறது. காலி செய்துவிட்டுப் பற்றவைக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

கூடாது. டீசலை இறக்கிய பிறகும் உள்ளே ஆவி நிற்கும், அடைத்த டேங்கில் அது குண்டு மாதிரி வெடிக்கும், காலி ட்ரம்மைப் பற்றவைக்கப் போய்ச் செத்தவர்கள் நிறையப் பேர். சோப்புத் தண்ணீர் விட்டு அலசினாலும் மடிப்புகளில் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும், சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். நீராவி விட்டுச் சுத்தம் செய்து, கேஸ் மீட்டர் வைத்துப் பார்க்கிற வசதி உள்ளவர்களிடம் கொடுங்கள். அப்படி யாரும் பக்கத்தில் இல்லையென்றால் வேறு டேங்க் வாங்கி மாட்டிவிடுங்கள்.