பிடித்த ஆட்டக்காரரை அணி வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டால் பேஸ்பால் ரசிகர்கள் ஏன் இப்படிப் புலம்புகிறார்கள்? வெறும் வியாபாரம்தானே அது?

"வெறும் வியாபாரம்தானே" என்று படித்ததும் சுருக்கென்றது. இதே வார்த்தையை 2020 பிப்ரவரியில் என் மகளிடம் நான்தான் சொன்னேன். அதற்கு இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆபீசில் யாரோ ஒருவர் ஆட்டக்காரர் போன கவலையில் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார், பார்த்தால் சிரிப்பு வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

2015-இல் பாஸ்டன் பக்கம் வேலைக்கு வந்தபோது பேஸ்பால் எனக்குத் தூக்க மாத்திரை. ஆபீஸ் நண்பர் ஒருவர், பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி ஆடும் ஃபென்வே பார்க்குக்கு இழுத்துக்கொண்டு போனார். 1912-இல் கட்டிய மைதானம், நம் ஊர்ப் பழைய தியேட்டர் மாதிரி முழங்கால் முன் நாற்காலியில் இடிக்கும். இடது பக்கம் 37 அடிப் பச்சைச் சுவர். வலது பக்கம் ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர் மூக்கி பெட்ஸ்.

ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். மற்றவர்கள் எல்லாம் ஆல மரம் மாதிரி நிற்க, இவன் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி ஓடுவான். (அவன் இவன் என்பதற்கு யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எங்கள் வீட்டில் அப்படித்தான்.) 2018 கோடையில் என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். "மூக்கியா? பாவம், மூக்கு நல்லாத்தானே இருக்கு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் "நல்ல மூக்கன்". என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அந்த வருடம் அவன் பேட்டிங் சராசரி .346, ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) 32, திருடிய பேஸ் (பந்து வீசும்போதே அடுத்த முனைக்கு ஓடிப் பிடிப்பது) 30. பேஸ்பாலின் இரண்டு லீகில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவனுக்குத்தான். ரெட் சாக்ஸ் 108 ஆட்டம் ஜெயித்து, சீசனின் இறுதித் தொடரான உலகத் தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸையே தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. அந்தத் தொடர் நடக்கும்போதே ஒரு ராத்திரி, ஆட்டம் முடிந்த பிறகு, பாஸ்டன் பொது நூலகத்துக்கு வெளியே குளிரில் படுத்திருந்தவர்களுக்கு அவன் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான் என்று செய்தி வந்தது. சும்மா இருந்த நானும் அன்றைக்குத்தான் விழுந்தேன். எனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று 50-ஆம் எண் சட்டை வாங்கினேன்.

2020 பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை ராத்திரி. பெட்ஸை டாட்ஜர்ஸுக்கு ட்ரேட் செய்துவிட்டார்கள். மகள் தோசையைத் தட்டில் வைத்துவிட்டு, "அவனைக் கேட்டாங்களா?" என்றாள். "கேட்க மாட்டாங்கம்மா, வியாபாரம்" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. இன்னொரு கூத்தும் நடந்தது. மூன்றாவது அணி ஒன்று இடையில் இருந்தது, அவர்கள் அனுப்பவிருந்த இளம் பந்துவீச்சாளரின் மருத்துவ அறிக்கை சரியில்லை என்று பேரம் நின்றது. "இல்லேன்னு ஆகிடுமாப்பா?" என்று நாலைந்து நாள் தினமும் காலையில் எழுந்ததும் கேட்டாள். 10-ஆம் தேதி வேறு மாதிரி பேசி முடித்துவிட்டார்கள். பெட்ஸும் பந்துவீச்சாளர் டேவிட் பிரைஸும் போனார்கள். பிரைஸின் மிச்சச் சம்பளத்தில் பாதியையும் ரெட் சாக்ஸே கட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங்.

இப்போது கணக்குப் பிள்ளைகள் வந்து, "அவனுக்கு ஒரு வருட ஒப்பந்தம்தான் மிச்சம், அப்புறம் சும்மாவே போயிருப்பான், 300 மில்லியன் டாலர் பேசியும் ஒத்துக்கொள்ளவில்லையாமே" என்பார்கள். தெரியும் சாமி. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு, 2020-இல் 208 மில்லியன் டாலர், அதைத் தாண்டினால் வரி, அடுத்தடுத்த வருடம் தாண்டினால் வரி விகிதம் ஏறும், ஒரு வருடம் கீழே வந்தால் பழையபடி ஆரம்பத்திலிருந்து. எல்லாம் சரி. ஆனால் அதே ஜூலையில், ஊரே கொரோனாவில் முடங்கிக் கிடந்தபோது, டாட்ஜர்ஸ் அவனுக்கு 12 வருடத்துக்கு 365 மில்லியன் கொடுத்தது. பாஸ்டன் ஏழை அணி இல்லை, டிக்கெட் விலையைப் பாருங்கள். எனக்கு ஆறாதது அவன் போனது இல்லை. கையில் காசை வைத்துக்கொண்டு "எல்லாம் அணியின் எதிர்காலத்துக்காக" என்று ஏழு வயசிலிருந்து சட்டை போட்ட பிள்ளைக்குப் பாடம் எடுத்தார்களே, அதுதான்.

இதில் ஊர் வரலாறு வேறு. 1919 கடைசியில் பேஸ்பாலின் பெரிய நட்சத்திரம் பேப் ரூத்தை ஒரு லட்சம் டாலருக்குப் பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸிடம் விற்ற ஊர் இது. 1918-க்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 2004 வரை, 86 வருடம் காத்திருந்தார்கள். ஆபீஸ் நண்பரின் தாத்தா அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர். அந்த நண்பரிடம் போய் வியாபாரம் என்று சொல்லிப் பாருங்கள்.

ஜடேஜாவை 2025-இல் சென்னை ராஜஸ்தானுக்குக் கொடுக்கவில்லையா, நாம் தாங்கிக்கொள்ளவில்லையா என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். நானும் அன்று தூங்கவில்லை, அது தனிக் கதை. ஆனால் ஐபிஎல் ட்ரேடில் ஆட்டக்காரர் சம்மதம் வேண்டும். பேஸ்பாலில் பத்து வருடம் லீகில் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தால்தான் மாட்டேன் என்று சொல்லும் உரிமை, இல்லாவிட்டால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். பெட்ஸ் ஆட வந்தது 2014-இல்தான்.

சம்மதம் என்றதும் இன்னொன்று. பெட்ஸ் போன அதே 2020-இல் என் கம்பெனியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, திங்கள் முதல் நீ வேறு கிளையண்ட், வேறு மாநில நேரம் என்றார்கள். மெயிலில் என் பெயர்கூட இல்லை, "ரிசோர்ஸ்" என்று போட்டிருந்தது. ஏழு வருட அனுபவம் உள்ள ஆளை ரிசோர்ஸ் என்று எழுதுகிறவன் வீட்டில் அவன் அம்மாவை என்னவென்று கூப்பிடுவான் தெரியவில்லை. அந்த மேனேஜர் இன்றைக்கும் பண்டிகைக்குப் பண்டிகை "நாம் ஒரே குடும்பம்" என்று செய்தி அனுப்புகிறார். சரி, கேள்விக்கு இது சம்பந்தமில்லை. ஆனால் அந்த மெயிலைப் பார்த்தபோதுதான் "அவனைக் கேட்டாங்களா?" என்று மகள் கேட்டது எனக்கு உறைத்தது.

2020 அக்டோபரில் டாட்ஜர்ஸ் உலகத் தொடரை ஜெயித்தது, 1988-க்குப் பிறகு முதல் முறை. கடைசி ஆட்டத்தில் பெட்ஸ் எட்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தான். நானும் மகளும் கத்தினோம், அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரெட் சாக்ஸ் அந்த வருடம் தன் பிரிவில் கடைசி. ட்ரேடில் வந்த டவுன்ஸை 2022 டிசம்பரில் விட்டுவிட்டார்கள், வெர்டூகோவை அடுத்த வருடம் யாங்கீஸுக்கே கொடுத்தார்கள். யாங்கீஸுக்கு!

2023 ஆகஸ்ட்டில் அவன் டாட்ஜர்ஸ் சட்டையில் முதல் முறையாக ஃபென்வேக்கு வந்தான். போனோம். அவன் மட்டையோடு நடந்து வரும்போது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. மகளுக்குப் பன்னிரண்டு வயது, பழைய சட்டை கையே நுழையாது, என்னுடையதை நான் போட்டிருந்தேன். ரெட் சாக்ஸ் உள்ளூர்ச் சட்டையில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பின் வரிசையில் ஆறு வயசுப் பையன் ஒருவன் என் முதுகைத் தட்டி, "உங்களுக்கும் க்ராஃபோர்டைப் பிடிக்குமா?" என்று கேட்டான். அந்த வருடம் 50-ஐப் போட்டிருந்தது கட்டர் க்ராஃபோர்ட், பந்து வீசுபவர். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் திரும்பி, "ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டாள்.