கருவாட்டு வியாபாரத்துக்கு டிகிரி எதற்கு என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா, நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். பாம்பன் காத்து இரைகிற இரைச்சலிலும் உங்கள் கவலை நன்றாகவே கேட்டது. பி.எஸ்சி. வேதியியல் முடித்த 22 வயதுப் பிள்ளை, அரசுத் தேர்வுக்குப் படிக்காமல் உங்கள் கருவாட்டு வியாபாரத்தையே பெரிதாக்கப் போகிறேன் என்கிறாள். உலர்த்தும் கூடாரம், பாக்கெட் போடும் மெஷின் என்று 12 லட்சத்துக்குக் கணக்குச் சொல்கிறாள். "நாலு பேரு சிரிக்க மாட்டாகளா" என்று கேட்டீர்கள்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். கடனை நினைத்து நீங்கள் பயப்படுவதுதான் நியாயம். அதனால் வங்கிப் படி ஏறுவதற்கு முன்னால் அவள் ராமநாதபுரத்தில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகட்டும், சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு வழி சொல்கிற அரசு அலுவலகம் அது. நம் பக்கம் அதை 'மானிய ஆபீஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். என்னைக் கேட்டால், அங்கே கிடைக்கிற மானியத்தைவிட அங்கே கேட்கிற கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம்.

மண்டபம் பக்கத்துப் பையன் ஒருவனை அங்கே கூட்டிப்போனேன். ஒரு புரோக்கரிடம் 3,000 ரூபாய் கொடுத்துத் திட்ட அறிக்கை வாங்கி வைத்திருந்தான். வழவழப்பான தாள், கலர் படம் எல்லாம் இருந்தது. அலுவலர் இரண்டாம் பக்கத்தில் பேனாவை வைத்தார். 'வருடத்துக்கு 300 வேலை நாள்' என்று போட்டிருந்தது. "ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாதே தம்பி, அந்த 61 நாளும் மீன் எங்கிருந்து வரும்? அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையில் எதைக் காய வைப்பே?" என்று கேட்டார். பையனுக்குப் பதில் வரவில்லை. அந்த அறிக்கையோடு வங்கிக்குப் போய்க் கடனும் கிடைத்திருந்தால், முதல் மீன்பிடித் தடைக்காலத்திலேயே தவணை நின்றிருக்கும். அந்த ஒரு கேள்விக்கு அவன் காசு எதுவும் கொடுக்கவில்லை.

உங்கள் மகளின் அறிக்கையை அவளே எழுதட்டும். தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் என்ன விலைக்கு வரும், பத்து கிலோ நெத்திலி காய்ந்தால் எத்தனை கிலோ நிற்கும், எந்த மாதம் எந்த ஊர் வியாபாரி வருவார் என்பதெல்லாம் உங்கள் வாயில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கு எந்த புரோக்கருக்கும் தெரியாது.

மானியத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்குகிற பட்டதாரிகளும் சேரக்கூடிய 'நீட்ஸ்' என்று ஒரு மாநில அரசுத் திட்டம் இருக்கிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும். திட்ட மதிப்பு 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை இருக்கலாம். அதில் 25 சதவீதம் மானியம், வட்டியிலும் 3 சதவீதம் தள்ளுபடி. 12 லட்சத்துக்கு மானியம் 3 லட்சம் ஆகிறது. ஆனால் அது கைக்கு வராது அக்கா, வங்கியிலேயே இருந்து பிற்பாடு கடனில் கழியும். அதை நம்பி நகைச் சீட்டில் சேர்ந்துவிடாதீர்கள். 'என் தொழில் எந்தத் திட்டத்தில் வரும்' என்பதை அங்கேயே வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கடன் தருகிற தொழில் முதலீட்டுக் கழகம், தொழிற்பேட்டையில் இடம் தருகிற சிட்கோ என்றெல்லாம் யாராவது சொல்வார்கள். இப்போதைக்கு அதெல்லாம் வேண்டாம்.

மணலில் பரப்பிக் காக்கா விரட்டுகிற பழைய முறையிலிருந்து பரணுக்கும் கூடாரத்துக்கும் மாறுவதைப் பற்றி மீன்வளத்துறையில் கேட்கலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இருக்கிறது. அது மாநில அரசு இல்லை, ஆனால் ஒரு காலத்தில் அந்த நிறுவனத்தின் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது. நாம் அந்த வழியாகத்தான் தினமும் பஸ்ஸில் போகிறோம், ஒரு நாளாவது இறங்கியிருக்கிறோமா? உப்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று வேதியியல் படித்த பிள்ளை பேசினால் அவர்களுக்கும் பேச நன்றாக இருக்கும். 'டிகிரி எதற்கு' என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

பாக்கெட் போட்டு விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சின்ன வியாபாரத்துக்குக் கட்டணம் கொஞ்சம்தான். மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் தொழிலாளர் துறை முத்திரை வேண்டும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் 'உத்யம்' பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கு யாராவது ஆயிரம் ரூபாய் கேட்டால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, என் தம்பிக்காக நானே ஒரு தடவை கொடுத்து ஏமாந்தவள்.

அரசுத் தேர்வை விடச் சொல்ல வேண்டாம். விண்ணப்பம் போட்டு, பரிசீலனை முடிந்து, வங்கி சரி சொல்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும், அதற்குள் ஒரு தேர்வு எழுதிப் பார்க்கட்டும். இடையில் மனசு மாறினாலும் அதுவரை கடன் ஏறியிருக்காது.

திங்கட்கிழமை போகாதீர்கள். அன்றைக்குக் காலையில் அதிகாரிகள் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போங்கள். பட்டச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல், அவள் கையால் எழுதிய நாலு பக்கக் கணக்கு, இவ்வளவு போதும். நீங்களும் கூடப் போங்கள். ஆனால் அவளையே பேச விடுங்கள், கருவாட்டு விலை கேட்டால் மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.