லண்டன் கதவும் பாலக்கோட்டு இழைப்புளியும்

கேள்வி: என் வீட்டுக்காரர் சின்ன வயதிலிருந்தே தச்சு வேலை செய்கிறவர். மகன் லண்டனில் பழைய அடுக்குமாடி ஒன்றில் பதினான்காவது மாடியில் வீடு வாங்கியிருக்கிறான். கோடையில் போய்ப் பார்க்கப் போகிறோம். உள்ளே அறைக் கதவெல்லாம் கனமாக, மொழுமொழுவென்று, ஒரு வேலைப்பாடும் இல்லாமல் இருக்கிறதாம். இரண்டு கதவு தரையில் உரசுகிறதாம். "இழைப்புளியை எடுத்துக்கிட்டுப் போய் எல்லாத்தையும் நல்ல கதவா மாத்திடறேன்" என்கிறார் இவர். "அது ஃபயர் டோர், தொடாதீங்கப்பா" என்கிறான் அவன். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: மகன் சொல்வதுதான் சரி, அம்மா. ஆனால் அதை அப்படியே அவரிடம் சொல்லிச் சண்டையை வளர்க்காதீர்கள். காரணம் தெரிந்தால் அவரே இழைப்புளியைக் கீழே வைத்துவிடுவார்.

அங்கே உயரமான கட்டடங்களில் பல வீடுகளின் அமைப்பு இதுதான்: அறைகள் எல்லாம் ஒரு சின்ன நடைக்குத் திறக்கும், அந்த நடை வாசற்கதவுக்குப் போகும். ராத்திரியில் சமையலறை பற்றிக்கொண்டால், படுக்கையறையில் இருப்பவர் அந்த நடை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அவர் வரும்வரை தீயையும் புகையையும் அறைக்குள்ளேயே பிடித்து வைப்பதுதான் அந்தக் கதவின் வேலை. இங்கிலாந்து விதி இந்த உள்கதவுகளுக்குக் கேட்பது 20 நிமிடம் தீயைத் தாங்குவது. கடையில் பெரும்பாலும் கிடைப்பது 30 நிமிடக் கதவு. எஃப்.டி. 30 என்பார்கள். வழக்கமாக 44 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். குளியலறைக் கதவுக்குப் பெரும்பாலும் இந்தக் கட்டாயம் கிடையாது.

கதவின் விளிம்பிலோ நிலையிலோ ஒரு காடி எடுத்து, அதில் பட்டை ஒன்றைப் பதித்திருப்பார்கள். பார்த்தால் சாதாரண பிளாஸ்டிக் பட்டை. சூடு 200 டிகிரியை நெருங்கும்போது அது எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பிக்கொண்டு, கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள சந்தை அடைத்துவிடும். அடைக்க வேண்டுமானால் சந்து சிறியதாக இருக்க வேண்டும். பக்கங்களிலும் மேலேயும் சுமார் 3 மில்லிமீட்டர், அதாவது உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் ஒரு நூல். நம் ஊரில் மழைக்காலத்தில் மரம் ஊதும் என்று தாராளமாக இரண்டு நூல் விடுவோம். அந்தப் பழக்கம் அங்கே ஆகாது. கொஞ்சம் இழைக்கலாமா என்றால், எந்தப் பக்கம் எவ்வளவு என்று கதவோடு வரும் தாளில் போட்டிருக்கும். அதைத் தாண்டினால் சான்று போச்சு. மேல் விளிம்பில் லேபிளோ, கீல் பக்கம் ஒரு வண்ண பிளாஸ்டிக் குமிழோ இருக்கும். அதுதான் கதவின் ஜாதகம். அதைச் சீவிவிட்டால், எந்தக் கதவு என்று அடுத்து வருகிறவருக்குத் தெரியாது. கண்ணாடி வைக்க ஓட்டை போடுவதும் இதே கதைதான்.

இதைவிட முக்கியமாக ஒன்று. கட்டடம் பழையது என்கிறீர்கள். அங்கே ஆஸ்பெஸ்டாஸை முழுவதுமாகத் தடை செய்தது 1999-ல். அதற்கு முந்தைய தீத்தடுப்புக் கதவுகளில் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் பலகை வைத்திருக்கலாம், கதவுக்கு மேலே உள்ள அடைப்பிலும் இருக்கலாம். நம் பக்கம் மாட்டுக்கொட்டகைக்குப் போடும் சிமெண்ட் ஷீட்டை விட அந்தப் பலகை எளிதில் பொடியும். இழைப்பது, துளையிடுவது, உப்புத்தாள் போடுவது எல்லாமே தூசியை மூச்சுக்குள் அனுப்பும். அதன் நோய் பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். ஆகவே உரசுகிற அந்த இரண்டு கதவையும் ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை முடியும்வரை யாரும் தொட வேண்டாம். கட்டட நிர்வாகத்திடம் ஆஸ்பெஸ்டாஸ் அறிக்கை இருக்கிறதா என்று மகன் முதலில் கேட்கட்டும். கதவு மாற்றுவதற்கான அனுமதியையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடட்டும்.

அனுமதி கிடைத்துப் புதுக்கதவு போடும்போது உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கலாம். அவர் கண்ணுக்குத் தப்பாது. கீல் எத்தனை, எந்த வகை என்று அந்தத் தாளே சொல்லும், பொதுவாக மூன்று. அலுமினியக் கீல் உதவாது, 660 டிகிரியில் உருகிவிடும். எல்லா ஓட்டையிலும் ஸ்க்ரூ ஏறியிருக்க வேண்டும். இரண்டு ஸ்க்ரூவோடு விட்டுவிட்டுப் போகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. நிலைக்கும் சுவருக்கும் நடுவே சாதாரண ஃபோம் அடித்து மூடினால் நிறுத்தச் சொல்லுங்கள், கதவின் தாளில் சொன்ன பொருள்தான் போக வேண்டும். வேலைப்பாடு வேண்டும் என்றால், மேலே மெல்லிய ஓக் மரத்தகடு ஒட்டிய, சான்று பெற்ற கதவுகளே அங்கே விற்கின்றன.

வாசற்கதவு வேறு விஷயம். 2017 ஜூன் 14-ல் லண்டனின் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். பல வீடுகளின் வாசற்கதவு தானாக மூடாததால் புகை நடைபாதைக்குப் பரவியது விசாரணையில் தெரியவந்தது. 2023 ஜனவரி 23 முதல் இங்கிலாந்தில் 11 மீட்டருக்கு மேல் உயரமுள்ள குடியிருப்புக் கட்டடங்களில் வீட்டு வாசற்கதவுகளை வருடம் ஒருமுறை சோதிக்க நிர்வாகம் முயன்றாக வேண்டும். கதவு தானாகச் சாத்திக்கொள்வது தொந்தரவாக இருக்கிறது என்று அதை மூட வைக்கும் குளோசரை மட்டும் கழற்றிவிடாதீர்கள். காய்கறிப் பையோடு வரும்போது எரிச்சலாகத்தான் இருக்கும்.

உங்களவருக்குக் கை பரபரத்தால் ஒரு பூஜை அலமாரி செய்து தரட்டும். மரம் அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் படிக்கட்டுப் பக்கம் உள்ள இரும்பு ஃபயர் டோர் அடியில் துருப்பிடித்துவிட்டது. தகடு வைத்து வெல்டிங் செய்தால் போதுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: போதாது. வெளியே தகடு, உள்ளே சூட்டைத் தாங்கும் அடைப்பு. வெல்டிங் சூடு அந்த அடைப்பையும் ஓரத்துப் பட்டையையும் கெடுக்கும். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 படிக்கட்டுக் கதவுக்குக் கேட்பது 120 நிமிடம். நிலையோடு சேர்த்தே மாற்றுங்கள். சோதனைச் சான்றின் நகலை வாங்கி அசோசியேஷன் ஃபைலில் வையுங்கள். பழையதைக் கழற்றிய அன்றே புதியது ஏற வேண்டும், அதனால் சரக்கு வந்து இறங்கும்வரை கழற்ற விடாதீர்கள். அப்புறம், கதவு சாத்தாமல் இருக்கச் செங்கல் வைப்பவர் யாரென்று உங்களுக்கே தெரிந்திருக்கும், அவரிடம் பேசுங்கள். துரு அடியில் மட்டும் என்றால் காரணம் பெரும்பாலும் வாளித் தண்ணீர்தான். படியைக் கழுவி விடாமல் துடைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் புதுக்கதவும் அடியில் துருவேறும்.