மேய்ச்சல் தரை ஏன் வெறுமையாகிறது? திருகோணமலைப் பட்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தம்பலகாமம்): மாரி மழைக்குப் புல் முளைத்தவுடன் மாடுகளை விடுகிறோம். ஆனாலும் மாசிக்குள் தரை வெறுமையாகிவிடுகிறது. மழை போதாதா, ஐயா?

பதில்: மழையைக் காட்டிலும், மாட்டை விடும் காலமே காரணம் என்று கருதுகிறேன். பெரும்போக (மாரிகால நெற்செய்கை) விதைப்பு தொடங்கியதும் வயல்வெளியை விட்டு வெளியேறும் பட்டிகள் யாவும், எஞ்சியுள்ள மேய்ச்சல் தரைகளிலும் காட்டோரங்களிலும் ஒரே வேளையில் நெருக்கியடிக்கின்றன. புல்லோ அப்போதுதான், கோடையைத் தாண்டி அடித்தண்டிலும் வேரிலும் காத்துவைத்த சத்தைச் செலவழித்து முதல் இலைகளை விடுகிறது. அவை மீண்டும் மீண்டும் கடிபட்டு இலைப்பரப்பில் பாதிக்கு மேல் போய்விட்டால் வேர் வளர்ச்சி தடைப்படும். அத்தகைய புல் மேலே பச்சையாகத் தெரிந்தாலும், மண்வெட்டியால் பெயர்த்துப் பார்த்தால் வேர் மேல்மண்ணோடு நின்றிருக்கும். மழை விட்டதும் முதலில் காய்வது அதுவே. புல் ஒரு சாண் வளரும் வரை பொறுத்து, நான்கு விரலளவு எஞ்சியிருக்கும்போதே மாடுகளை அடுத்த துண்டுக்கு மாற்றுங்கள். தரை பொதுவானது என்றால் எல்லாப் பட்டிக்காரரும் உடன்பட வேண்டும். புல்லை வளர்ப்பதைக் காட்டிலும் அதுதான் கடினம்.

கேள்வி (மூதூர்): எருக்கலையும் தகரையும் பெருகிவிட்டன. களைநாசினி அடிக்கலாமா?

பதில்: மாடு விரும்பாத செடி, மாடு தின்ற புல்லின் இடத்தைப் பிடித்திருக்கிறது. மருந்தடித்து வெறுமையாக்கினால் அவ்விடத்தில் மறுபடியும் அதுவே முளைக்கும். விதை கட்டுமுன் வெட்டி, அத்துண்டை ஒரு மாரி முழுவதும் அடைத்து வையுங்கள்.

கேள்வி (கந்தளாய்): மேய்ச்சலால் குளம் தூர்ந்துபோகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: நீரேந்து பகுதியில் புல் அழிந்தால் உண்மையே. ஈரமான மண்ணைக் குளம்புகள் மிதிக்கும்போது நுண்துளைகள் அடைபட்டு, உள்ளிறங்க வேண்டிய நீர் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுகிறது. இரு பக்கமும் வெட்டிய பால்மாப் பேணி ஒன்றை மாட்டுத்தடத்திலும், வேலிக்குள் மாடு மிதியாத இடத்திலும் சிறிது அழுத்தி, ஒரே அளவு நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் வற்றும் நேரத்திலேயே வேறுபாடு தெரியும்.

கேள்வி (கிண்ணியா): பூச்சி மருந்து கொடுத்தும் கன்றுகள் மெலிகின்றனவே?

பதில்: வயிற்றுப் புழுக்களின் இளம் பருவங்கள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியிலேயே தங்குகின்றன. தரையை ஒட்டி மேயும் கன்று அவற்றையும் சேர்த்தே விழுங்குகிறது. மருந்து கொடுத்த கன்றை அதே ஒட்ட மேய்ந்த தரைக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி (ஈச்சிலம்பற்று): மாடுகளை விற்பதைத் தவிர வழியில்லையா?

பதில்: பயன்தராத நாம்பன்களை வைத்திருப்பதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. மற்றவற்றுக்கு, வயலிலே எரிக்கப்படும் வைக்கோல் இருக்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, இரண்டு மூன்று கிழமைகளின் பின் எடுங்கள். நெடி போகும் வரை ஆறவிட்டே கொடுக்க வேண்டும். அசைபோடத் தொடங்காத இளங்கன்றுகளுக்கு இது கூடாது. கரைசல் வாளியில் எந்த மாடும் வாய் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்; அது உயிரைப் பறிக்கும்.